மச்சானுக்கு மேல் ஒரு மூட்டை

நேச நாடுகளின் ஆயுத உதவி ஒருங்கிணைப்பு அலுவலகம் அனுப்பிய பட்டியலில், பெருமாநல்லூர் தனபால் ‘ஆயுதப் பராமரிப்புப் பங்காளர்’. அவர் துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்தது வங்கிக் காவலாளியின் தோளில் மட்டும். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியை வாங்கி விற்கும் வேஸ்ட் வியாபாரி.

போரில் சிக்கிய ஒரு சின்ன நாட்டுக்கு ஐந்து பெரிய நாடுகள் கூடி ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்தன. பீரங்கி ஒருவர், குண்டு ஒருவர், லாரி ஒருவர். யார் கொடுத்தது பெரிது என்ற புகைச்சலும் அங்கே உண்டென்று கேள்வி. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கும் துணியைப் பற்றிக் கடைசியில்தான் நினைவு வந்தது. அந்தத் துணிக்கான ஆர்டர் திருப்பூருக்கு வந்தது, ஆளுக்குப் பாதியாக: தனபாலுக்கும், அவர் மனைவி தெய்வாத்தாளின் அண்ணன் நாச்சிமுத்துவுக்கும். பட்டியலில் நாச்சிமுத்து முதல் பெயர்.

தனபாலுக்குப் போர் அன்றுதான் தொடங்கியது.

“உங்கண்ணன் பேரு எப்படி மேல போச்சு?”

“ஏனுங்க, எங்கண்ணன் பேரு மேல இருந்தா உங்களுக்குச் சோறு எறங்காதுங்களா?” என்றார் தெய்வாத்தாள்.

“துணியப் பாத்தாத் தெரியும், ஆரு மேலன்னு.”

வேஸ்ட் வியாபாரத்தில் வெள்ளைக்குத்தான் மதிப்பு. நாச்சிமுத்து எடுத்து வைத்ததோ மங்கலான சுத்தப் பருத்தி. தனபால் தேடித் தேடிக் கண் கூசும் வெள்ளையை வாங்கினார். அதில் பாலியஸ்டர் கலந்திருந்தது அவருக்குத் தெரியும். ஆனால் இருபது வருடத்தில் வெள்ளையை வேண்டாமென்றவர் எவருமில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரி சித்ரகலா ஓர் இரும்புக் குழாயில் எண்ணெய் தடவி, இரண்டு துணியாலும் துடைத்தார். மங்கல் எண்ணெயைக் குடித்தது. வெள்ளை அதை அழகாகப் பரப்பியது.

“இது ஆகாதுங்க சார். திங்கக்கிழமைக்குள்ள பருத்தி வரணும். இல்லீன்னா உங்க பேரை எடுத்துருவாங்க.”

“மாப்ள, எங்கிட்ட நெறையக் கெடக்குது. எடுத்துக்குங்க,” என்றார் நாச்சிமுத்து. அந்த நல்ல மனசைத்தான் தனபாலால் பொறுக்க முடியவில்லை.

“வேண்டாங்க மச்சான். ஊர்ல பருத்திக்கா பஞ்சம்?”

மூன்று நாள் பல்லடம் வரை அலைந்தார். அத்தனை மூட்டை ஒரே இடத்தில் இருந்தது மச்சானிடம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தனபால் லாரியோடு நாச்சிமுத்துவின் குடோனுக்குப் போனார். மச்சான் கொடுத்த அறுபது மூட்டை மங்கல் பருத்தியை ஏற்றினார். ஒவ்வொன்றிலும் தன் பெயரை ஒட்டினார். கப்பலுக்குப் போகும் கண்டெய்னரில், மச்சானுடைய மூட்டைகளுக்கு மேலே அடுக்கச் சொன்னார்.