மலைமேல் பனி

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தமிழில் பனி என்றால் பனிதான். இரண்டு பாஷையும் ஒரே வாயில் புழங்கும் பாலக்காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இது தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தும் ஏமாந்தோம்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அவருக்கு டைபாய்டு வந்து, இதோ அதோ என்று இழுத்துப் பிழைத்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இருதயம் பலவீனப்பட்டுவிட்டது, இன்னொரு கடும் ஜுரத்தை அது தாங்காது என்றார். அவரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். நான் அவரிடம் மறைத்தேன், அவர் என்னிடம் மறைத்தார். நல்ல ஜோடி.

வேலையை முன்னதாகவே விட்டார். இனி மனிதர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார் என்று நினைத்தேன். அவரோ யுத்தம் முடிந்து ஏலத்தில் போன ஒரு பட்டாள வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே பலகைக் கட்டில், ஒரு ஸ்டவ், தண்ணீர் டிரம், பாத்திரம் அடுக்க ஒரு தட்டு. ஓட்டுகிற இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் என் பழைய புடவையில் தைத்த திரை. கல்பாத்தியில் இருந்த வீட்டை ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. தடுப்பதற்கு என்னைத் தவிர ஆளும் இல்லை, என் பேச்சு எடுபடவும் இல்லை.

"எல்லாருக்கும் நாம் சாதம் போட்டாச்சு. இனி அவா அவா ஆத்து வாசல்ல போய் நிப்போம், கேட்டியா?" என்றார்.

அப்படித்தான் சுற்றினோம். சிநேகிதர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவோம். பகலெல்லாம் அவர்களோடு பேச்சு, படுக்கை மட்டும் வண்டியில். எருத்தேன்பதியில் ஒருத்தி தன் புருஷனைக் கூவிக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருங்க, ஊட்டுக்குச் சக்கரம் வெச்சிருக்காங்க!" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கோ பட்டாபிஷேகம் ஆனது போல ஒரு பூரிப்பு.

அந்த மாசி மாதம் முதலமடையில் ஒரு மாங்காய் வியாபாரியின் தோப்பில் தங்கியிருந்தோம். பொள்ளாச்சிக்காரர், அங்கே தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறியவர். மலையாளம் அரைகுறை. அங்கிருந்து உடுமலை வழியாக மலையேறி, தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்த என்னவரின் பள்ளித் தோழரைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. புறப்படுகிற காலையில் வியாபாரி வந்தார்.

"ஏனுங்க, மலையிலிருந்து லாரி வந்துதுங்க. உங்க சிநேகிதர் சொல்லியுட்டாராமுங்க. அங்க பனியாமுங்க, இப்ப வர வேண்டாம்னாராமுங்க."

என்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பனிக்குப் பயந்துண்டு வராதேங்கறான் பாரு! கூட ரெண்டு ஸ்வெட்டர் எடுத்து வை."

லாரி டிரைவர் ஆலப்புழைக்காரன். தோழர் அவனிடம் மலையாளத்தில் சொன்னார், அவன் மலையாளத்தில் சொன்னான், வியாபாரி அந்த ஒரு சொல்லை அப்படியே தூக்கித் தமிழில் வைத்துவிட்டார். அந்த டிரைவர் நேராக எங்களிடம் சொல்லியிருந்தால் அரை நொடியில் புரிந்திருக்கும். தமிழில் கேட்டதால் தமிழிலேயே எடுத்துக்கொண்டோம். நான் மாவடுவும் கொண்டாட்டமும் கட்டி வைத்தேன். கொண்டாட்டம் என்றால் எங்கள் ஊரில் வற்றல்.

அடிவாரச் சோதனைச் சவுக்கியில் காவல்காரன் துண்டால் மூக்கை மூடியிருந்தான். "மேலோட்டோ?" என்று, மேலேயா என்று, கேட்டுவிட்டு எங்களையே பார்த்தான். வண்டிக்கு வாங்கிய பாஸை நீட்டினால் கையில் வாங்கவில்லை. தடுப்புத் தடியை உயர்த்திவிட்டு அப்பால் போய்விட்டான். குளிர் பாவம், என்றார் என்னவர். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

வழியில் ஜனங்கள் மூட்டைகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மேலே ஏறுகிறவர் ஒருவரும் இல்லை. மறையூரில் ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது. எங்கள் பாத்திரத்தைக் கொடுத்துப் பால் கேட்டேன். கடைக்காரர் பாத்திரத்தைத் தொடாமல், தரையில் வைக்கச் சொல்லி எட்ட நின்று ஊற்றினார். நாங்கள் நகர்ந்த பிறகுதான் காசை எடுத்தார், அதையும் வெந்நீரில் போட்டு. எங்கள் மடி ஆசாரம் தெரிந்து விலகி நிற்கிற மனுஷர் என்று அவரை மெச்சிக்கொண்டே வந்தேன். காசை ஏன் வெந்நீரில் போட்டார் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் தேயிலைக் காட்டில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. கொழுந்து கிள்ளுகிற நேரம். கூடைகள் ஷெட்டில் கவிழ்ந்து கிடந்தன. இத்தனை பெரிய மலையில் ஒரு பேச்சுக்குரல் இல்லை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஒரு கிழவி ஓடி வந்து வண்டியை மறித்தாள்.

"யாத்தா, எங்கிட்டுப் போறீக? லயம் பூராக் காய்ச்சல்ல கெடக்கு. வீட்டுக்கு வீடு ஆளு சாயுது. திரும்பிப் போயிருங்க தாயி!"

அப்போதுதான் பனி என்ற அந்தச் சொல் எனக்குள் மலையாளமாகத் திரும்பிப் புரண்டது. அவரைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது, முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

"வண்டியைத் திருப்புங்கோ" என்றேன். "இந்த க்ஷணமே திருப்புங்கோ. உங்க இருதயத்தைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றார். "வாசல் வரைக்கும் வந்துட்டு, இருக்கானா இல்லையான்னுகூடப் பாக்காம போறதாக்கும்?"

தோழரின் குவார்ட்டர்ஸ் மேட்டில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். தாடியும் சிவந்த கண்ணுமாக நின்று இரண்டு கையையும் ஆட்டினார். "வராதேடா! அங்கேயே நில்லு! பனின்னு சொல்லி அனுப்பினேனே!"

அவர் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். உள்ளே கிடந்தது அவர் மனைவி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், என்னை மன்னி என்று கூப்பிடுகிறவள். எஸ்டேட் டாக்டர் கையை விரித்து, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் ஒருவேளை பிழைப்பாள் என்றிருக்கிறார். லாரி திரும்பவில்லை. இருந்த இன்னொரு வண்டியின் டிரைவர் படுத்த படுக்கை. இதையெல்லாம் தூரத்தில் நின்றே கத்திச் சொன்னார் அந்த மனிதர். வண்டியைக் கேட்கவில்லை. "நீ போ, உன் உடம்புக்கு ஆகாது" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

என்னவர் வண்டியைவிட்டு இறங்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நடுவீதியில், அந்நியர் முன்னால், புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்த பொம்மனாட்டி நான். எனக்கு வெட்கமில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இவர் பிழைக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"கட்டில் இருக்கு, வண்டி இருக்கு" என்றார். "நீ முன்னாடி உக்காந்து திரையை நன்னா இழுத்து விட்டுக்கோ. மூஞ்சியை மூடிக்கோ."

உள்ளே போய் அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் தலை அவர் தோளில் கிடந்தது. இருமினாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. எங்கள் கட்டிலில், எங்கள் போர்வையில் படுக்க வைத்தார். தோழர் பின்னால் ஏறிக்கொண்டார். இறங்குகிற வழியெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் அவள் முனகுவதும், இந்தப் பக்கம் இவர் மூச்சு வாங்குவதுமாக எனக்கு இரண்டு காது போதவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இவரை வாய்விட்டுத் திட்டினேன். மனிதர் சாலையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு முதலமடைக்குத் திரும்பினோம். அந்த வாரமே இவருக்குக் குளிர் கண்டது. வியாபாரி வீட்டு அம்மாள் ஓடி வந்து, "ஊட்டுக்குள்ள வந்து படுத்துக்கச் சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினாள். இவர் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குள் இதைக் கொண்டுபோக மாட்டேன் என்று வண்டியிலேயே படுத்துக்கொண்டார். மாமரத்தடியில், அந்தப் பலகைக் கட்டிலில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அவள் பிழைத்துவிட்டாள்.

நான் கல்பாத்தி வீட்டுக்கே திரும்பினேன். வருஷா வருஷம் அவர் சிராத்தத்துக்கு முதல் நாளே மலையிலிருந்து இறங்கி வருவாள். வந்து என்னோடு அடுக்களையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்குவாள். எனக்கு அவளைப் பிடிக்காது. நறுக்குவது ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் இருக்கும், சொன்னாலும் திருந்த மாட்டாள். அவள் குண்டாகி, நரைத்து, பல் விழுந்து, மூச்சுவிட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபமாக வரும். இவருடைய மூச்சல்லவா அது என்று தோன்றும்.

ஒரு வருஷம் அவள் சொன்ன பஸ்ஸில் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். அந்தி மயங்குகிற நேரத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, வழியில் பஸ் பழுது மன்னி, என்று ஆடி அசைந்து வந்தாள். நான் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். கழுத்திலும் வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. அதற்கப்புறம்தான் திட்ட ஆரம்பித்தேன்.