அத்தான் வெட்ட மறுத்த கார்ப்பெட்

வீடுகளில் சுவரோடு சுவராகக் கார்ப்பெட் போடுவதும், அலுத்துப்போனவர்களுக்கு அதைப் பிய்த்தெடுத்துக் கொடுப்பதும்தான் என் அத்தானுக்கு வேலை. முழங்காலால் உதைத்து உதைத்துக் கார்ப்பெட்டை மூலைக்குத் தள்ளிப் பழகியவர், வீட்டில் பீரோ கதவையும் முழங்காலால்தான் சாத்துவார். தெருவில் அவருக்கு 'முட்டி' என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது, பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் வீட்டு முன்னறையிலும் ஒரு பச்சைக் கார்ப்பெட் கிடந்தது. கல்யாணமான புதிதில் அவரே போட்டது, ஒரே துண்டு. வருகிறவர்களையெல்லாம் குனியவைத்து, "ஒட்டு எங்கயாச்சும் தெரியுதா பாருங்க" என்பார். குனிந்தவர்கள் இருமிக்கொண்டே நிமிர்வார்கள்.

அக்காவுக்கு அதனால் தும்மல். சாதாரணத் தும்மல் இல்லை, ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். போன வாரம் பொறுமை போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அது வெளிய போனாத்தான் நான் உள்ள போவேன்."

வந்தவள் சும்மா இருந்தாளா? அடுப்படி டப்பாக்களை இடம் மாற்றினாள். என் மனைவிக்குத் துணி மடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். நான் எப்போது தூங்க வேண்டும் என்பதையும் அவளே முடிவுசெய்தாள். அக்கா என்றால் எனக்கு உயிர். அந்த உயிர் போவதற்குள் அவளை அவள் வீட்டில் சேர்த்துவிட வேண்டுமென்று அத்தானிடம் ஓடினேன்.

"இன்னைக்கே எடுத்துடலாம் அத்தான். சாயங்காலம் அக்கா வந்து பார்ப்பா. அது இன்னும் கெடந்தா இனிமே வரவே மாட்டாளாம்."

அத்தானின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் ஒரு வாரத் தனிமையில் மனுஷர் பாதியாகியிருந்தார். தலையை ஆட்டினார்.

கார்ப்பெட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, தனித்தனியாகச் சுருட்டி வெளியே தூக்குவதுதான் வழக்கம். அடுத்தவர் வீட்டில் அத்தானும் அப்படித்தான் செய்வார். கத்தியை நீட்டினேன்.

"என்ன மாப்ள, இதுல கத்தியா? முழுசாச் சுருட்டுவோம்."

சுருட்டினோம். சுவரோரச் சட்டத்து முள்ளாணிகளிலிருந்து பிய்த்துப் பிய்த்து, வாசல் பக்கமாக உருட்டிவந்தோம். கடைசி மூலை கழன்றதுதான் தாமதம், எருமைக் கனத்தில் அந்தச் சுருள் தானே உருண்டுபோய்க் கதவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. கதவோ உள்பக்கம் திறப்பது. அத்தான் கச்சிதமாக அளவெடுத்துப் போட்டதாயிற்றே, இரண்டு முனைகளும் இரண்டு சுவர்களிலும் இறுகிவிட்டன. தள்ளினோம், இழுத்தோம். அசைந்தால்தானே?

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"தொறங்க, நான்தான்."

"முடியலம்மா" என்றார் அத்தான். "கார்ப்பெட்டு மறிக்குது."



"அப்ப இன்னும் உள்ளதான் இருக்கா? சரி, நான் தம்பி வீட்டுக்கே போறேன்."

கத்தியை மறுபடியும் நீட்டினேன். "அத்தான், உங்க கால்ல விழறேன், வெட்டுங்க!"

அக்காவின் செருப்புச் சத்தம் படியிறங்கியது. அத்தான் கத்தியைப் பிடுங்கினார். சுருளின் நடுவில் வைத்து இழுத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் கை கொஞ்சமும் கோணவில்லை. இரண்டு பாதிகளையும் ஆளுக்கொரு பக்கம் புரட்டிவிட்டு, கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டோம். அவள் திரும்பி வருவதற்குள் பாதிகளை வாசலுக்கு வெளியே உருட்டித் தள்ளினோம்.

வந்தாள். வெறும் தரையில் நின்று ஆழமாக மூச்சிழுத்தாள். தும்மல் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். ஊஹூம். அவள் முகம் மலர்ந்தது. என் டப்பாக்களெல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புவதை நான் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டியா" என்று அத்தான் பல்லெல்லாம் தெரியக் கிட்டே போனார்.

"ஹச்!"

அவர் பின்வாங்கினார், தும்மல் நின்றது. நெருங்கினார், மறுபடியும் ஹச்! அவர் தலைமுடி, புருவம், சட்டைப்பை என்று எங்கே பார்த்தாலும் கார்ப்பெட் பஞ்சு. பச்சை மட்டுமா, ஊரார் வீட்டுச் சிவப்பும் நீலமும் சாம்பலும் கலந்து கிடந்தன.

"அப்ப நான்தானா?" என்றார் அத்தான். "நான் வேணா உன் தம்பி வீட்ல போய்..."

நான் பாய்ந்துபோய் வாசலை மறித்து நின்றேன். அக்கா எட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"எங்க போறது? உங்கள வெட்டியா வீச முடியும்? துவைச்சுத்தான் எடுக்கணும். தினம் வேல முடிஞ்சதும் மொதல்ல குழாயடி, அப்புறந்தான் வீடு. நடங்க!"

தும்மிக்கொண்டே இழுத்துப்போனாள், பிடியை விடவேயில்லை.