ஞானமுத்து சாரின் கிழிந்த துவர்த்து

ஞானமுத்து சார் இறந்ததைத் தக்கலை பஸ்ஸில் வந்த மீன் வியாபாரி ஒருவர்தான் சொன்னார். "உங்க கப்பல் இன்ஸ்பெக்டர் போயிட்டாரு, தெரியுமா?" என்றார். 'உங்க' என்ற சொல் சுட்டது. அவர் உயிரோடிருந்தவரை நம் துறைமுகத்தில் ஒருவரும் அவரை நம்மவர் என்று சொன்னதில்லை.

கருமணல் ஏற்ற வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளித்தான் நங்கூரமிடும். மூட்டைகளை நாம் வள்ளத்தில் கொண்டுபோவோம். கப்பலின் கம்பிவடம் அவற்றைத் தூக்கும். அதற்குமுன் சார் கப்பலில் ஏறி, தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டால் அந்த வடத்தை நீளம் முழுக்க உருவுவார். அறுந்த இழை இருந்தால் துணியைக் கவ்விக் கிழிக்கும். கவ்விவிட்டால் வடத்தை மாற்றாமல் வேலை கிடையாது. "கப்பல் துரை ஆயிரம் காகிதம் காட்டுவான். துவர்த்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

"சாருக்கு ஒரு முழுத் துவர்த்து எடுத்துக் குடுக்க வீட்டுல ஆளில்லியா?" என்று வள்ளத்தில் நின்று கேலி செய்தவன் தங்கையன். சிரித்தவர்கள் நாம்.

ஆடிக் கடல் பொங்குமுன் வந்த கடைசிக் கப்பலின் வடம் துவர்த்தைக் கவ்வியது என்று அவர் வேலையை நிறுத்தினார். அது போய்விட்டால் மழைக்காலம் முடியும்வரை நமக்கு வேலை இல்லை. அவர் கைக்கூலி கேட்டார் என்று மேலிடத்துக்கு மனு போயிற்று. பள்ளிக்கூடம் போகாமலே எழுதக் கற்றவன் என்ற திமிரில் அதை எழுதியவன் நான். கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள். சாரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் கரையில் நின்றபடியே அதே கப்பலுக்கு அனுமதி கொடுத்தார். அன்று மத்தியானம் வடம் அறுந்தது. மூட்டைகள் தங்கையன்மேல் விழுந்தன. வள்ளத்திலேயே செத்தான்.

அடக்கத்துக்கு சார் வந்தார். மனு என் எழுத்து என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். "எழுத்து நல்லாத்தான் இருந்துது வே. சங்கதிதான் பொய்" என்றார்.

முதல் மனு பொய் என்று இன்னொரு மனு எழுதிக்கொண்டு உங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "செத்தவன் திரும்பியா வரப் போறான் மக்கா? விடு" என்றீர்கள். ஒருவன் சொல் போதாது என்று மேலிடம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. கைக்கூலிக்காரன் என்ற பெயரோடுதான் அவரை நேற்றுப் புதைத்தோம். மாலைகளுக்கு மட்டும் குறைவில்லை.

அவர் நினைவாக என்னிடம் படமில்லை, துவர்த்துமில்லை. அந்த இரண்டாவது மனுதான் இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே இடமும் இருக்கிறது. வாருங்கள், பேனா நான் தருகிறேன்.