தட்டிலிருந்து ஒரு வாய்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு அந்த வீடியோ வந்தது. செங்கல்பட்டில் என் மருந்துக் கடையில், ஒரு பெரியவருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். மகளின் பள்ளிப் பெற்றோர் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். பதினைந்து நொடி இருக்கும். கேன்டீனில் பரிமாறும் நார்வேக்கார அம்மா, ஒரு குழந்தையின் தட்டிலிருந்து தக்காளிச் சாதத்தைக் கையால் எடுத்து, சட்னியில் தொட்டுத் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். மென்றபடி கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு அதே தட்டைக் குழந்தையின் பக்கம் நகர்த்துகிறார்.

குழந்தையின் முகம் தெரியவில்லை, கை மட்டும்தான். மணிக்கட்டில் பச்சை வார் போட்ட கடிகாரம். போன பெருநாளைக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

பெரியவர் போவதற்குள் குழு கொதித்துவிட்டது.

“எச்சில் சோத்தையா நம்ம புள்ளைங்களுக்குப் போடுறாங்க?”

“வெள்ளக்காரங்களுக்கு எச்சில்னா இன்னான்னே தெரியாதுங்க.”

“இதுக்குத்தான் இவ்ளோ ஃபீஸ் கட்டுறமா?”

“பசிச்சா தனியாத் தட்டு வெச்சித் துன்ன வேண்டியதுதான?” இதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள்.

அவர் பசிக்குச் சாப்பிடவில்லை என்பது அந்தக் குழுவிலேயே எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். சாப்பிடச் சொன்னதே நான்தான்.

மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஐந்து வயதில், கருங்குழியில் ஒரு கல்யாண வீட்டில், யாரோ கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்தாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு விசில் அடித்தது. அதற்குப் பிறகு பொத்தேரிப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்க்கப் போனபோது விஷயத்தை உள்ளபடி சொன்னோம். இடம் இருப்பதாகச் சொன்னவர்கள் அரை மணி நேரத்தில் இடம் இல்லை என்றார்கள். அதனால் மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கும் இந்தப் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில், ‘ஒவ்வாமை ஏதேனும் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். மருந்துக் கடைக்காரனான நானே எழுதினேன்.

இந்தப் பள்ளியில் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும். சேர்த்த முதல் வாரமே கேன்டீனின் பின்வாசலில் போய் நின்றேன். தலையில் துண்டு கட்டி, முழங்கை வரை மாவோடு வந்தார் அந்த அம்மா. மாமல்லபுரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர், பக்கத்து மீனவர் குப்பத்தில் ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். சிறுநீரகம் கெட்டுக் கணவர் போன பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. தமிழைக் கற்றது மீன் விற்கும் பெண்களிடம் என்பதால் குப்பத்துப் பேச்சுதான் பேசுவார். கடற்கரை ஓட்டல் அடுப்படிகளில் வேலை பார்த்துவிட்டு இந்தக் கேன்டீனுக்கு வந்தவர். எந்தப் பிள்ளைக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, எந்தப் பிள்ளை காலையில் அழுதுகொண்டு வந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஆயா, உங்க ஊர்ல இன்னா சோறு?”

“உருளக்கெழங்குதான்டா சோறு. ரெண்டு மாசம் சூரியனே லீவு. போறியா?”

அன்று பின்வாசலில் நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது.

“ஃபார்ம்ல எழுதிக் குடுத்தியா, அண்ணாத்த?”

“இல்லம்மா. எழுதினா சேர்த்திருக்க மாட்டாங்க.”

“இங்க தேங்கா வெல ஏறுச்சின்னா சட்னில வேர்க்கடலையக் கலக்குறாங்க. அந்தக் கரண்டி எல்லாச் சட்டியிலயும் பூரும். சட்டியில பாத்துப் புண்ணியம் இல்ல. அவ தட்டுல போட்டப்புறம் நான் ஒரு வாய் துன்னு பாத்துட்டுக் குடுக்குறேன். யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீ எழுதிக் குடு. நான் ஒருத்தி எத்தினி நாளைக்கு?”

எழுதுகிறேன் என்றேன். நாலு வருஷம் எழுதவில்லை. நாலு வருஷமும் தினம் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். சந்தேகம் வந்த நாட்களில் அந்தத் தட்டை எடுத்துவிட்டு வெறும் தயிர்ச் சாதம் வைப்பார். மகள் வீட்டுக்கு வந்து, “ஆயா இன்னைக்கும் என் சட்னியப் புடுங்கிட்டாங்க, அத்தா” என்று குறை சொல்வாள்.

செவ்வாய் சாயங்காலம், புதுப்பட்டினத்தில் வேலை முடிந்து வந்த மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“என்னங்க, குரூப்பப் பாத்தீங்களா? அது நம்ம புள்ள கை.”

“பாத்தேன்.”

“அப்போ சொல்லுங்க. நீங்கதான் கேட்டீங்கன்னு ஒரு வரி போடுங்க.”

‘அது என் மகள்’ என்று அடித்தேன். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். படிவத்தை எடுத்துப் பார்ப்பார்கள். டிசியைக் கையில் கொடுப்பார்கள். அழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரில் போய்ப் பிரின்சிபாலிடம் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமையே பிரின்சிபால் குழுவில் எழுதினார். சம்பந்தப்பட்ட ஊழியரை அழைத்து விசாரித்ததாகவும், குழந்தையின் தட்டில் ஏன் சாப்பிட்டீர்கள் என்பதற்கு அவர் எந்த விளக்கமும் தரவில்லை என்பதால் வேலையிலிருந்து நிறுத்தியதாகவும் செய்தி. ‘நல்ல முடிவு’ என்று ஒருவர் போட்டார். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. போடாமல் இருந்தால் ஏன் என்று யாராவது கவனிப்பார்களோ என்று பயந்து நானும் ஒரு கட்டைவிரல் வைத்தேன். இதை என் மனைவியிடம் இன்றுவரை சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. சட்னியைத் தொடாதே என்று மகளிடம் மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவர் போன ஏழாவது நாள், பன்னிரண்டே முக்காலுக்கு டீச்சர் போன் செய்தார். “சார், பாப்பாக்கு மூஞ்செல்லாம் வீங்கிருக்கு. என்ன சாப்பிட்டான்னு தெரியல. வேன்ல செங்கல்பட்டுக்குக் கூட்டினு வர்றோம்.” ஆஸ்பத்திரி வாசலில் வேனிலிருந்து அவளை நான்தான் தூக்கி இறக்கினேன். அந்த விசில் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். டாக்டரிடம் கடலை, கடலை என்று கத்தினேன். ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்சிஜன் மூடி வைத்தார்கள். சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஸ்பூன் அளவுக்குத்தான் சட்னி தொட்டிருப்பாளாம்.

“ஸ்கூல்ல சொல்லி வெச்சிருந்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தேன்.”

“அவங்க எங்க போனாங்க?”

அதற்குள் வேலையிலிருந்து ஓடி வந்திருந்த என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பள்ளியிலிருந்து யாரும் வரவில்லை. டீச்சர்கூட வேனிலேயே திரும்பிவிட்டார். குழுவில் கும்பிடும் கைகள் வந்துகொண்டே இருந்தன. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஐந்து மணிக்கு வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். கேன்டீன் சமையல்காரர் சொல்லித் தெரிந்ததாம். மாமல்லபுரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். நேராகக் குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகுதான் கட்டிலுக்கு வந்து மகளின் கன்னத்தைத் தொட்டார்.

“இன்னாடி, நான் ஒரு வாரம் இல்லன்னா மூஞ்சிய பூரி மாதிரி ஆக்கி வெச்சிக்கினு கீற?”

மூடிக்குள் மகள் சிரித்தாள். என் மனைவி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நாலு வருஷமாக என்னை அண்ணாத்த என்று கூப்பிட்டவர்.

“சார், அந்த ஃபார்ம் இன்னும் ஆபீஸ்லதான் கீது. நாளைக்குப் போயி ‘இல்ல’ன்றத அடிச்சிட்டு எழுதிக் குடு. அங்க துன்னு பாக்க இப்ப யாரும் இல்ல.”