முகட்டுச் சாலைச் சிலுவையின் அடியில்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, முகட்டுச் சாலையின் திருப்பத்தில் இருந்த கற்குவியலைப் பிரித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவர் கல்லை எடுத்துக் கொடுத்தார், நான் ஓரமாக அடுக்கினேன். ஆயிரத்து நூறு வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன்.

நான் நில அளவையாளர். மலை முகட்டோடு போக வேண்டிய எங்கள் நகராட்சியின் எல்லையைப் புதிய வரைபடம் ஓடையோடு கொண்டுபோயிருந்தது. அப்படியே நின்றால் சாப்பே ஊரின் நாற்பத்தொரு குடும்பங்கள் பக்கத்து நகராட்சிக்குப் போய்விடும். சாப்பே பள்ளியை மூடப்போவதாக அங்கே முன்பே சொல்லிவிட்டார்கள். மறுக்க ஒரே சான்று, 1962இல் நாங்கள் தனி நகராட்சியானபோது நட்ட எல்லைக்கல். அது அந்தக் குவியலுக்கு அடியில் இருந்தது. நட்டவர்களில் அப்பா, அரிஸ்தேவு, மட்டும்தான் உயிரோடு இருந்தார்.

அப்போது அவருக்குப் பதினேழு வயது. அளவைக்காரருக்கு அளவுச் சங்கிலி பிடித்தார். தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்று கல்லை ஒட்டி ஒரு கம்பம் நட்டு, குறுக்கே சட்டம் அடித்தார்கள். எங்கள் பக்கம் வழியில் செத்தவனுக்குச் சிலுவை நடுவார்கள். கடந்து போகிறவர் ஒரு கல் போடாமல் போகமாட்டார். மூன்று மாதம் கழித்து அப்பா அந்த வழியே வந்தபோது ஏழு கற்கள் கிடந்தன. அடுத்த வருடம் மெழுகுவர்த்திகள். அதற்கடுத்த வருடம் செத்தவனுக்குப் பெயரே வந்துவிட்டது: பெலார்மினோ, மாடு ஓட்டி வந்தவன், இடி விழுந்து செத்தவன்.

அப்பா முதலில் சிரித்தார். பிறகு உண்மையைச் சொல்ல முடியாமல் போனது. முப்பத்தோரு வருடம் நகராட்சியின் சாலை சமன் செய்யும் வண்டியை ஓட்டினார். குவியல் பெருக்கப் பெருக்க, சாலையை அதைச் சுற்றி வளைத்தார். அந்தத் திருப்பம் எந்தத் திட்டத்திலும் இல்லை.

பால் கேன்களோடு வந்த சாப்பேக்காரி இதாலினா வண்டியை நிறுத்தினார்.

"என்ன அரிஸ்தேவு அண்ணே, பெலார்மினோவ வீடு மாத்துறீங்களா?"

"அடியில எல்லைக்கல்லு இருக்கு இதாலினா. ஆளு யாருமில்ல. கம்பத்த நட்டதே நான்தான்."

"ஆமா, இடிய எறக்குனதும் நீங்கதான். என் மவனுக்குக் காய்ச்சல எறக்குனது யாரு, உங்க கம்பமா?"

நாங்கள் சுத்தம் செய்த இடத்தில் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார்.

நண்பகலில் எல்லைக்கல் தெரிந்தது. அந்தக் காலத்தில் கல்லுக்கு அடியில் கரியும் ஓட்டுச் சில்லும் புதைப்பார்கள். இரண்டும் மக்காது, கல் பெயர்ந்தாலும் சாட்சி சொல்லும். கல்லைச் சாய்த்தோம். கரி இருந்தது. ஆறு சில்லுகள் இருந்தன.

"பாத்தியாம்மா" என்றார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

தூரிகையால் ஓரத்தைத் துடைத்தேன். கரிக்குக் கீழே ஒரு பெல்ட் கொக்கி. அதை ஒட்டி, மனிதக் கால் எலும்பு. கரி அடுக்கு கலையவில்லை. அதன் கீழே கெட்டியான மஞ்சள் மண், யாரும் வெட்டாத மண். எலும்பு அந்த மண்ணுக்குள் இருந்தது. இரண்டு முறை அளந்தேன். படம் எடுத்தேன்.

"இது நான் வெட்டுன குழிம்மா. மூணு சாணு. அடியில ஒண்ணுமே இல்ல."

"பழைய எலும்பா இருக்கும்ப்பா. அப்ப கவனிச்சிருக்க மாட்டீங்க."

"கையால தடவிப் பாத்துத்தான் கரியப் போட்டேன்." கொக்கியை விரலால் தொட்டார். "அறுபது வருஷமா ஊரே கூப்பிட்டுச்சு. வந்துட்டான்."

கல்லை இருந்தபடியே நிறுத்தி மண்ணை மூடினோம்.

1962இல் நட்ட கல் இதுவே என்று பதிவாளர் முன் அப்பா கையெழுத்திட வேண்டும். இல்லாமல் என் அளவுகள் செல்லாது. வாக்குமூலத்தை அன்று மாலை தட்டச்சு செய்தேன். கடைசி வரி: 'மேலிருந்த சிலுவை அளவைக் கம்பமே, கீழே எவரும் இல்லை.'

"கடைசி வரிய எடுத்துடு."

"எடுத்தா சிலுவை ஏன்னு கேப்பாங்கப்பா. சமாதிக் கல்லுன்னு சொல்லிருவாங்க, எல்லாம் போயிரும்."

"அப்ப அவன் இல்லன்னு நான் சொல்லணுமா?"

வியாழக்கிழமை பதிவாளரிடம் போகும் வழியில் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

புதன் காலை கோழிகளுக்குச் சோளம் போடும்போது விழுந்தார், எழவில்லை. இதயம் என்றார்கள். எல்லை ஓடையோடேயே நின்றுவிட்டது.

தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. கடைசி வரியைப் பென்சிலால் அடித்திருந்தார். அதன் இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் வியாழன் பத்து மணிக்கு அவருக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.