கேக் வெட்டிய மத்தியானம்

எண்பதுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். நேர்முகத்தில் மேலாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை பெறும் யோசனை இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றேன். அதே நாளில் என்னோடு சேர்ந்த இளைஞரிடம் அதைக் கேட்கவேயில்லையாம். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குப் பிள்ளை தங்கியது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையால் நிறுத்த முடியாது, சட்டம் இருக்கிறது என்றார் கணவர். சட்டத்துக்கு மேலாளரின் முகம் தெரியாது, எனக்குத் தெரியும். பெரிய ஏப்ரன் ஒன்றைத் தேடியெடுத்துத் தளர்த்திக் கட்டினேன். வேலைக்குப் போகும் மோர்னிங்சைட் பஸ்ஸில் குமட்டி வந்ததை விழுங்கினேன். மேலாளரின் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே கையிலிருந்த பிஸ்கட்டுகள் நொறுங்கின.

ஒரு மத்தியானம் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். அங்கே மேசையில் ஒரு கேக் இருந்தது. என்னோடு சேர்ந்த அந்த இளைஞருக்கு மகள் பிறந்திருந்தாள். இனி இவர் குடும்பஸ்தர் என்று மேலாளர் அவருடைய தோளில் தட்டி, எல்லோரும் ஆசைப்பட்ட மெஷின் வேலையை அவருக்கே கொடுத்தார். அறையே கைதட்டியது. பயத்தில் நான்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

என்னோடு அதுவரை அதிகம் பேசாத மன்னார் அக்கா ஒருவர், எனக்கு முன்னால் வந்து மறைத்து நின்றார். திரும்பாமலே மெல்லச் சொன்னார்:

“கையை உயர்த்தித் தட்டாதை, பிள்ளை. வயிறு தெரியுது.”