மஞ்சள் துணியில் மாட்டிய ஒரு ரூபாய்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பெரம்பலூர்–அரியலூர் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். மற்ற கண்டக்டர்களுக்குச் சில்லறை இல்லையே என்று கவலை. எனக்கோ கைக்கு வந்த சில்லறையைக் கொடுக்க மனசு வராது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். நான் தேடியது இரட்டை அச்சுக் காசு.

குன்னத்தில் ஏறிய வெங்காய மூட்டைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்தார். "மீதிச் சில்லறையக் குடுக்குறியா, இல்ல அதுக்கு ஜாதகம் பாக்குறியா?" பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. காசை எண்ணத் தெரிந்த ஜனங்களுக்குக் காசைப் பார்க்கத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். காசு அடிக்கும் அச்சைத் தயாரிக்கும்போதே எழுத்து இரண்டு தடவை, சற்றே விலகிப் பதிந்துவிட்டால், அந்த அச்சில் அடித்த காசிலும் எழுத்து இரட்டையாக நிற்கும். இரண்டும் மேடாக இருக்கும், முனைகள் பிளந்திருக்கும். அதுதான் அசல். காசு அடிக்கும்போது அச்சு ஆடிப்போனால், எழுத்தின் ஓரத்தில் தட்டையாக ஒரு படி மட்டும் விழும். அதற்கு மதிப்பில்லை. திருச்சியில் ஒரு பழங்காசுக் கடைக்காரர் இருந்தார். நான் கொண்டுபோன காசையெல்லாம் பார்த்துவிட்டு, "அச்சு ஆடினதுங்க" என்று திருப்பித் தள்ளுவார். ஒரே ஒரு தடவை அவர் வாயால் "அசல்" என்று கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

கடைசியில் அது வந்தது. அரியலூரில் ஏறிய பூக்காரம்மா கொடுத்த ஒரு ரூபாய். வருஷ எண் நான்கும் இரட்டை. முனை பிளந்து, மேடாக. என் சொந்த ரூபாய் ஒன்றை டிக்கெட் காசுப் பைக்குள் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். வீட்டில் தகர டப்பாவுக்குள் காகிதம் சுற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குக் கிளம்பி டப்பாவைத் திறந்தால், காகிதம் இருக்கிறது, காசைக் காணோம்.

"அதுவா? மஞ்சத்துணியில முடிஞ்சு சாமிக்கு வச்சிட்டேன்" என்றாள் மனைவி. "உங்க காசுப் பைத்தியம் தெளியணும்னு வேண்டிக்கிட்டேன். பேப்பர்ல சுத்தி வச்சிருந்தீங்களா, நல்ல காசா இருக்கும்னு அதையே எடுத்தேன்."

"வேற ஒரு ரூவா வச்சிட்டு அத எடுத்துக்கறேனே?"

"கண்டக்டர் புத்திய சாமிகிட்டயும் காட்டுறீங்களா? வேண்டுதல் பலிக்காம முடிச்ச அவுக்கக் கூடாது."

யோசித்தேன். முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, "எனக்குத் தெளிஞ்சிடுச்சு" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நெசமாவா? அப்ப வாங்க, இப்பவே கோயிலுக்குப் போயி உண்டியல்ல போட்டுட்டு வந்துடலாம்."

"இல்ல... இன்னும் கொஞ்சம் இருக்குற மாதிரி இருக்கு."

வருஷங்கள் ஓடிவிட்டன. முடிச்சு சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் நானும் போய் நின்று அதை விரலால் தடவிப் பார்க்கிறேன். துணிக்கு மேல் எண்ணெல்லாம் தட்டுப்படாது. எனக்குப் பக்தி வந்துவிட்டதாக அவள் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குத் தெளிய வேண்டும் என்று அவள் கண்ணை மூடி வேண்டுகிறாள். பக்கத்தில் நானும் கண்ணை மூடி வேண்டுகிறேன்: தாயே, இவள் வேண்டுதல் மட்டும் பலிக்கவே கூடாது.